திரவப் படிகம் கண்ட லேமன்

ஜெர்மனி நாட்டில், பேரேரி ஒன்றின் கரையில் அமைந்த கான்ஸ்டன்ஸ் நகரில் 1855ஆம் ஆண்டு ஓட்டோ லேமன் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். உருப்பெருக்கியில் பெருவிருப்பம் உடையவர். அவ்விருப்பம் மைந்தரையும் பற்றிக்கொண்டது. பொருள்கள் உருகுவதையும் உறைவதையும் நேரிற் காண விழைந்த லேமன், சூடேற்றும் அமைப்புடன் கூடிய உருப்பெருக்கி ஒன்றைத் தாமே ஆக்கிக்கொண்டார். பள்ளியாசிரியராய் இருந்த நாள்களிலும் அதனைக் கைவிட்டாரில்லர்.

1888ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பிராக் நகரத் தாவரவியல் அறிஞர் ரைனிட்சர் அவருக்கு மடல் விடுத்தார். அவர் ஆராய்ந்த பொருளொன்று 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கல் திரவமாயிற்று, 178.5 பாகையில் திடீரெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு உருகுநிலை இரண்டு உண்டோ? லேமன் தம் கருவியில் வைத்து நோக்கினார். கலங்கிய நிலையில் அது நீர்போல் ஒழுகிற்று. ஆயினும், படிகத்தைப் போலவே ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்தது. 1889இல் அதனை ஒழுகும் படிகம் என அறிவித்தார். அவ்வாண்டே, ஹெர்ட்ஸ் வகித்திருந்த கார்ல்ஸ்ரூ பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிடைத்தது.

படிகமெனின் திண்மையுடையது என்பதே அக்காலக் கொள்கை. பாலில் நெய்த்துளிகள் மிதப்பதுபோல ஒரு திரவத்துள் மற்றொன்று கலந்திருப்பதே அது என்று டாம்மன் என்னும் அறிஞர் மறுத்தார். ஹாலே நகரத்து ஃபோர்லெண்டர் அத்தகைய பொருள்கள் பலவற்றைச் செய்துகாட்டி லேமனுக்குத் துணைநின்றார். லேமனும் பாரிசு வரை சென்று விளக்கினார். அப்படிகங்களை உயிர்ப்பொருள்களோடு ஒப்பிட்டு அவர் எழுதியது மட்டும் சற்று மிகையே. நோபெல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அதனைப் பெறாமலே 1922இல் மறைந்தார்.

1970இல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃபிரிக் என்னும் இருவர் அப்பொருளைத் திரையாக்கும் சிறந்த வழியைக் கண்டனர். ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்தால் ஒளி தடைப்படும். இடையிலுள்ள திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் முறுக்கிய படிக்கட்டுப்போல் அமைந்து, ஒளியின் தளத்தைக் கால்வட்டம் திருப்பிவிடுகின்றன. எனவே ஒளி வெளியேறும். மின்னழுத்தம் தந்தால் முறுக்கு அவிழும், அவ்விடம் இருளும். இவ்வாறு ஒளியும் இருளும் அமைத்தே எழுத்தும் படமும் தோன்றச் செய்கின்றனர். திரவப் படிகம் தானே ஒளிர்வதில்லை.

லேமன் கண்ட பொருளோ கொதிநீரினும் மிக்க சூட்டிலன்றி அந்நிலை எய்தாது. சாதாரண வெப்பத்தில் கெடாது நிலைக்கும் பொருள்களை இங்கிலாந்தில் கிரே என்பார் 1973இல் வெளியிட்ட பின்னரே, அத்திரை கைக்கடிகாரத்திலும் கணக்கிடும் கருவியிலும் பரவி, பின்னர்த் தொலைக்காட்சி, கணிப்பொறி, மருத்துவமனைக் கருவிகள் ஆகியவற்றிலும் இடம்பெற்றது.