கொலைகாரன் பெயரைச் சொல்லாத கல்கி

அஸ்தம்பட்டியில் தோழர் ஒருவர் வழிமறித்துக் கேட்டார். பகலெல்லாம் பட்டறை வேலை. இரவெல்லாம் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகத்தையும் முடித்தவருக்கு ஒரே கோபம். இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவன் யார் என்று கல்கி கடைசிவரை திட்டமாகச் சொல்லவில்லையே, இது வாசகனை ஏய்ப்பதாகாதா என்றார். ஏய்ப்பு அல்ல, நேர்மை என்றோம். ஏன் என்பதை இங்கே எழுதுகிறோம்.

கல்கி எனும் ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899 செப்டம்பர் 9ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கம் அழைத்தது. பள்ளிப் படிப்பை உதறிவிட்டு வந்தார். 1922இல் ஓராண்டுச் சிறை. 1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியர்.

அடுத்து அவர் வந்தது நம் பக்கம். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டுக்கருகே காந்தி ஆசிரமம். அங்கே ராஜாஜி மதுவிலக்குக்காக நடத்திய 'விமோசனம்' ஏட்டில் கல்கி துணை நின்றார். வாங்கிய கூலியைக் கள்ளுக்கடையில் தொலைக்கும் ஏழையை மீட்க வந்த ஏடு அது. பண்டிதர் நடை அங்கே செல்லுமா? எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும். 1930இல் மறுபடியும் சிறை. 1931இல் 'ஆனந்த விகடன்'. 1941இல் மூன்றாம் முறை சிறை. வெளியே வந்ததும் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' வார இதழ். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' வந்தன. 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது.

இனி அந்தக் கொலைக்கு வருவோம். அது கதையில் பிறந்த கொலை அல்ல. கல்லில் இருக்கும் கொலை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயரை அது சொல்கிறது. அவர்களுடைய உறவினர் நிலத்தையும் பறிமுதல் செய்த செய்தியைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், ஏவியவர் எவர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் ஆராய்ச்சியாளர் மோதினார்கள். கரிகாலனுக்குப் பின் பட்டம் பெற்றவன் உத்தம சோழன். அவன் மேல் ஐயம் கொண்டார் நீலகண்ட சாத்திரியார். அதை மறுத்தார் சதாசிவப் பண்டாரத்தார்.

கல்கி நினைத்திருந்தால் உத்தம சோழன் தலையில் பழியைப் போட்டுக் கதையை முடித்திருக்கலாம். வாரந்தோறும் காத்திருந்த வாசகர் கைதட்டியிருப்பார்கள். ஆனால், ஆயிரம் ஆண்டுக்கு முன் மாண்டவன் எழுந்து வந்து மறுப்புச் சொல்வானா? கல்கி அதைச் செய்யவில்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கை அணைத்தார். நந்தினி, பழுவேட்டரையர், இரவிதாசன் என்று பலர் மீதும் ஐயத்தைப் படரவிட்டார். பழி யார் மேல் விழுகிறது? பிணத்தருகே அகப்பட்ட வந்தியத்தேவன் மேல். குற்றமற்றவன் பாதாளச் சிறையில் வாடுகிறான். ஆளைப் பிடித்தாயிற்று, வழக்கு முடிந்தது என்னும் அதிகார அவசரம் எத்தகையது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியுமா?

தொடர் 1954இல் நிறைவெய்தியது. அவ்வாண்டே டிசம்பர் 5ஆம் நாள், 55 வயதில், கல்கி மறைந்தார். அவர் எழுத்துகள் பின்னர் நாட்டுடைமையாயின. 2022இலும் 2023இலும் அக்கதை திரைப்படமாகவும் வந்தது.

அஸ்தம்பட்டித் தோழரே! ஆதாரம் இல்லாத இடத்தில் ஒருவனைக் குற்றவாளி என்று சொல்லாதிருக்கத் துணிவு வேண்டும். தேநீர்க் கடையிலும் தெருமுனையிலும் பேசும் நமக்கும் அந்தத் துணிவு வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் அந்தக் கல்வெட்டை ஒருமுறை பார்த்து வாரும். உம் கோபம் தணியும்.