தேன்கூடு கட்டிய அநாதைச் சிறுவன்: வில்ஹெல்ம் மேபாக்

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஒர்க் ஷாப்பில் நிற்கும் கட் மாடல் எஞ்சினை நாம் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறோம். பிஸ்டன் பார்ப்போம், வால்வு பார்ப்போம், கிராங்கைக் கையால் சுற்றியும் பார்ப்போம். முன்னால் நிற்கிற ரேடியேட்டரை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. வைவாவில் கேட்டால் தண்ணீரை ஆற வைக்கிற சாமான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அந்தச் சாமானுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வில்ஹெல்ம் மேபாக் 1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் பிறந்தார். அப்பா தச்சர். வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள். வில்ஹெல்முக்கு எட்டு வயதில் தாய் போனார், பத்து வயதில் தகப்பனும் போய்விட்டார். ஐந்து பிள்ளைகளையும் வளர்க்க வழி இல்லாமல் உறவினர்கள் பத்திரிகையில் உதவி கேட்டு விளம்பரம் கொடுத்தார்கள். ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்தாவ் வெர்னர் என்ற பாதிரியார் நடத்திவந்த புரூடர்ஹவுஸ் என்னும் ஆதரவற்றோர் இல்லம் வில்ஹெல்மை ஏற்றுக்கொண்டது.

வெறும் சோறு போடும் இல்லம் அல்ல அது. அங்கேயே ஒரு மெஷின் தொழிற்சாலையும் இருந்தது. பையனின் கை படம் வரைவதில் நன்றாக ஓடுவதைப் பார்த்து பதினைந்து வயதில் டிராயிங் பகுதியில் போட்டார்கள். பகலில் வேலை, மாலையில் ஊர்ப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் பார்ட் டைம் டிப்ளமோ! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மினி டிராஃப்டர் பிடித்தவன் என்ற முறையில், இந்தப் பகுதியை மட்டும் நான் நாலைந்து தடவை படித்தேன்.

அந்தத் தொழிற்சாலையை நிர்வகிக்க வந்தவர் காட்லீப் டைம்லர். மேபாக்கை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பையனின் திறமையைப் பார்த்துக் கூடவே வைத்துக்கொண்டார். டைம்லர் கார்ல்ஸ்ரூ போனால் மேபாக்கும் போனார். 1872-ல் நிக்கோலஸ் ஓட்டோவின் டாய்ட்ஸ் எஞ்சின் கம்பெனிக்குப் போனபோதும் அப்படியே. நாம் படிக்கிற நாலு ஸ்ட்ரோக் ஓட்டோ எஞ்சின் 1876-ல் அங்கே பிறந்தது. அதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்கும் அளவுக்குத் தேற்றியதில் தலைமை வடிவமைப்பாளரான மேபாக்கின் பங்கு பெரிது. 1882-ல் டைம்லர் டாய்ட்ஸை விட்டு வெளியேறி, கான்ஸ்டாட்டில் தன் வீட்டுத் தோட்டத்துக் கட்டடத்தில் பட்டறை போட்டார். மேபாக்கும் வந்து சேர்ந்தார். சின்னதாகவும் வேகமாகவும் ஓடுகிற பெட்ரோல் எஞ்சினை இருவரும் அங்கேதான் செய்தார்கள். 1885-ல் அதை மரச்சட்டத்தில் மாட்டி மோட்டார் சைக்கிளுக்கே முன்னோடியான வண்டியை ஓட்டினார்கள்.

எஞ்சின் ஓடியது. ஆனால் சூடு? அங்கேதான் சிக்கல். எரிகிற எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சிலிண்டர் சுவர் வழியாகச் சூடாக வெளியேறியாக வேண்டும். இல்லையென்றால் ஆயில் கருகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்ல் பென்ஸின் முதல் காரில் தண்ணீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது. 1888-ல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியில் போனபோது, வழியெல்லாம் நின்று நின்று தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

மேபாக் இதை விடவில்லை. 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த ஸ்டீல் வீல் வண்டியில் ஒரு வேடிக்கை செய்தார். வண்டியின் சட்டமே இரும்புக் குழாய். அந்தக் குழாய்க்குள்ளேயே கூலிங் தண்ணீரை ஓட விட்டார்! 1897-ல் குழாய்களை அடுக்கி, பின்னால் ஃபேன் வைத்த ரேடியேட்டர் வந்தது.

நடுவில் மனக்கசப்பும் உண்டு. 1890-ல் டைம்லர் கம்பெனி பங்குதாரர்களின் கம்பெனியாக ஆனபோது அவர்கள் வைத்த நிபந்தனை மேபாக்குக்கு ஒத்து வரவில்லை. அடுத்த ஆண்டே வெளியே வந்துவிட்டார். கான்ஸ்டாட்டில் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலின் கூடத்தில் டைம்லரின் ஆதரவோடு வேலையைத் தொடர்ந்தார். பெட்ரோலை ஜெட் வழியாகப் பீய்ச்சும் கார்புரேட்டர் 1893-ல் பிறந்தது அங்கேதான். 1895-ல் கம்பெனியே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

1900 மார்ச் 6-ல் டைம்லர் காலமானார். அதே மாதம் 30-ஆம் தேதி, பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் டைம்லர் காரை ஓட்டிய வில்ஹெல்ம் பாவர் விபத்தில் சிக்கி இறந்தார். வண்டி உயரம், நீளம் குறைவு, மூக்கில் கனம்! கம்பெனியின் பெரிய வாடிக்கையாளரான எமில் யெல்லினெக் தாழ்வான, அகலமான, பலமான புது வண்டி வேண்டும் என்று நெருக்கினார். 36 கார்களுக்கு ஆர்டர் கொடுத்து, தன் மகள் மெர்சிடிஸ் பெயரையே வைக்கச் சொன்னார். அந்த 35 குதிரைசக்தி காரை வடிவமைத்தவர் மேபாக். 1900 டிசம்பர் 22-ல் முதல் வண்டி போய்ச் சேர்ந்தது. 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் மற்ற வண்டிகளையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளியது.

அந்த வண்டியின் முகத்தில் இருந்ததுதான் தேன்கூடு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் மொத்தம் 8,070. அத்தனையையும் பற்றவைத்து ஒரே கட்டாக்கினார். குழாய்க்குள் காற்று போகும், குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் தண்ணீர் போகும். முன்பு 18 லிட்டர் கேட்ட எஞ்சினுக்கு 9 லிட்டர் போதும் என்று ஆனது. தண்ணீரை மெல்லிய ஏடாகப் பரப்பினால் சூடு சீக்கிரம் இறங்கும். நம் வீட்டில் சூடான பாலைத் தட்டில் ஊற்றி ஆற்றுகிற அதே கணக்கு. பிறகு வந்த ரேடியேட்டர்களில் தண்ணீர் தட்டைக் குழாய்க்குள்ளும் காற்று வெளியிலும் போகிறது. தத்துவம் மாறவில்லை.

ஆனால் மெல்லிய இடுக்கு என்றால் அதற்கொரு விலை உண்டு. சீக்கிரம் அடைக்கும்! உப்புத் தண்ணியைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் உள்ளேயும் படிகிறது. அதோடு எஞ்சின் பிளாக்கின் துரு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எங்க அப்பா வாடகைக்கு ஓட்டுவது பழைய டீசல் வேன். வருடக்கணக்கில் போர் தண்ணி ஊற்றிய வண்டி. சித்திரை வெயிலில் லோடோடு மேடு ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். வண்டி ஓரம் கட்டினால் அன்றைய வாடகை போச்சு, ஹெட் கேஸ்கெட் போனால் ஒரு மாத வருமானமே போச்சு. போன லீவில் வீட்டு வாசலிலேயே நானும் அப்பாவும் கூலிங் சிஸ்டத்தைக் கழுவினோம். பழைய வண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்காக அதைச் சொல்கிறேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அது வெறும் மூடி அல்ல, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் ஏற்றி, தண்ணீரை 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் வைத்திருக்கிறது. சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் பிளாக்கோ ஹெட்டோ வெடிக்கும்.

ரேடியேட்டர் அடியிலுள்ள டிரெயின் காக்கையும் பிளாக்கிலுள்ள பிளக்கையும் திறந்து, பழசைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கூலண்ட் கலந்த தண்ணி இனிக்கும். நாய், ஆடு குடித்தால் செத்துப்போகும். தெருவில் விடக் கூடாது. பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கழற்றி, தோட்டத்து டியூபைக் கீழ் வாயில் வைத்துத் துணி சுற்றித் தண்ணீரை மேல்நோக்கி விட வேண்டும். வழக்கமாக மேலிருந்து கீழே போகிற தண்ணீரை எதிர்த்து விட்டால்தான் அடைத்த கசடு பெயரும். வேகமாக விடாதீர்கள், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று தாங்காது. எங்களுக்கு முதலில் டீ டிகாஷன் மாதிரி வந்தது, அப்புறம் துருச் செதில். தெளிந்த தண்ணி வர அரை மணிக்கு மேல் ஆயிற்று.

எஞ்சினுக்கும் இதே மாதிரி. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மேலிருந்து விட்டால் கீழே வரும். எடுத்த தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணியில் போட்டுப் பாருங்கள், அதில் அடித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். சில பட்டறைகளில் அதைத் தூக்கியே எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் சூடேற நேரமாகி டீசல் வீணாகும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கழுவச் சலவை சோடா போடும் பழக்கமும் உண்டு. அலுமினிய ஹெட், அலுமினிய ரேடியேட்டர் என்றால் அது அரித்துவிடும், வேண்டவே வேண்டாம்.

உப்பிய ஹோஸ், துருப்பிடித்த கிளிப் இருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். எல்லாம் மாட்டியபின் கூலண்டை டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணியோடு கலந்து மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடி ஐடிலில் ஓட விடுங்கள். காற்றுக் குமிழி வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் திடீரென்று சுடும், மட்டம் இறங்கும். நிரப்பி மூடலாம். அப்பா வண்டியில் முள் அதற்கப்புறம் நடுவிலேயே நிற்கிறது.

மேபாக்கின் கதைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் அவரை வடிவமைப்பாளர்களின் அரசர் என்றே அழைத்தார்கள். சொந்தக் கம்பெனியிலோ, டைம்லர் போனபின் அவர் பேச்சு எடுபடவில்லை. முக்கியமான டிசைன் வேலைகள் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையை விட்டுப் போயின. 1907-ல் விலகினார். வயது 61. நாமாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்போம்! அவர் 1909-ல் செப்பலின் பிரபுவோடு சேர்ந்து ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யும் கம்பெனியைத் தொடங்கினார். மூத்த மகன் கார்ல் அதை நடத்தினார். கல்லூரி வாசலே மிதிக்காத மேபாக்குக்கு 1916-ல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1921-ல் மகனின் கம்பெனி மேபாக் என்ற பெயரிலேயே கார் வெளியிட்டது. கோடிக்கணக்கில் விலை போகும் மெர்சிடிஸ்-மேபாக் கார்களில் இன்றைக்கும் அந்தப் பெயர் ஓடுகிறது.

1929 டிசம்பர் 29-ல், 83-ஆம் வயதில் ஸ்டுட்கார்ட்டில் காலமானார். கான்ஸ்டாட்டின் உஃப் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். டைம்லரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.