இலைச்சாறும் சுண்ணக்கட்டித் தூளும்: உணவில் ஹார்மோனை அளக்க வழி திறந்த மிகைல் ஸ்வெத்

பாலில் ஹார்மோன் இருக்கிறதா? இறைச்சியில் இருக்கிறதா? சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றி வரும் கேள்வி இது. பதில் ரொம்ப எளிது: இருக்கிறது. பசுவின் உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் போன்றவை பாலில் இயல்பாகவே கொஞ்சம் கலந்திருக்கும். அதனால் உண்மையில் கேட்க வேண்டியது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

அங்கேதான் சிக்கல். அந்த அளவு நானோகிராம் கணக்கில் வரும், சில நேரம் அதற்கும் கீழே போகும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. கொழுப்பு, புரதம், சர்க்கரை எல்லாம் கலந்து கிடக்கும் பாலில் அதை எப்படித் தேடுவது? முதலில் பிரிக்கணும். பிரித்தால்தான் அளக்க முடியும்.

அப்படிப் பிரிக்கும் முறைக்குப் பெயர் குரோமட்டோகிராஃபி. இன்றைக்கு உணவுப் பரிசோதனைக் கூடங்களில் இது இல்லாமல் வேலை நடக்காது. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு தாவரவியலாளர். அவர் உயிரோடு இருந்தவரை வேதியியல் உலகம் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செல்லாத பட்டம்

மிகைல் ஸ்வெத் 1872 மே 14 அன்று இத்தாலியின் அஸ்தி நகரில் பிறந்தார். அப்பா ரஷ்யர், அம்மா இத்தாலிய வம்சாவளியினர். குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே அம்மா இறந்துவிட, மிகைல் சுவிட்சர்லாந்தில் வளர்ந்தார். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் படித்து, 1896-ல் முனைவர் பட்டமும் வாங்கினார்.

அதே ஆண்டு ரஷ்யாவுக்குப் போனார். அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வெளிநாட்டு முனைவர் பட்டம் ரஷ்யாவில் செல்லாது. மறுபடியும் கீழிருந்து தொடங்கி, 1901-ல் கசான் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பிறகு வேலைக்காக வார்சாவுக்குக் குடிபெயர்ந்தார். இன்றைய போலந்தின் தலைநகரமான வார்சா அப்போது ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது.

குழாயில் விரிந்த நிறங்கள்

இலைக்குப் பச்சை நிறம் தருவது ஒரே ஒரு பொருளா, பலவா? இதுதான் ஸ்வெத்தைக் குடைந்த கேள்வி. விடை தேட அவர் எடுத்த கருவி ரொம்பச் சாதாரணமானது. ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் இறுக்கமாக அடைத்த சுண்ணக்கட்டித் தூள், அதாவது கால்சியம் கார்பனேட். இலையின் நிறமிகளைப் பெட்ரோலியம் ஈதரில் கரைத்து மேலிருந்து ஊற்றினார். பின்னாலேயே வெறும் ஈதரையும் விட்டார்.

பச்சைக் கரைசல் இறங்க இறங்கத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தது. ஒரு பட்டை நீலப்பச்சை, இன்னொன்று மஞ்சள்பச்சை, அதற்குக் கீழே பல மஞ்சள் பட்டைகள். ஆக, பச்சையம் என்பது ஒரே பொருள் இல்லை என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

ஏன் இப்படிப் பிரிகிறது? கடைத்தெருவில் நாலு பேர் ஒன்றாக நடக்கத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒவ்வொரு கடையிலும் நிற்கிறார். இன்னொருவர் எதையும் திரும்பிப் பார்க்காமல் நேரே போகிறார். தெருக்கோடியில் நாலு பேரும் வேறு வேறு நேரத்தில்தான் வந்து சேர்வார்கள். தூளோடு அதிகம் ஒட்டும் பொருள் பின்தங்கும், ஒட்டாதது முந்திக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

1903 மார்ச்சில் வார்சாவில் நடந்த இயற்கை ஆய்வாளர் கூட்டமொன்றில் ஸ்வெத் இந்தப் பிரிப்பு முறை பற்றிப் பேசினார். 1906-ல் ஜெர்மன் தாவரவியல் இதழில் எழுதியபோது அதற்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் நிறத்தால் எழுதுவது என்று பொருள். ரஷ்ய மொழியில் ஸ்வெத் என்றாலும் நிறம்தான்!

நம்ப மறுத்தவர்கள்

அன்றைய வேதியியலாளர்கள் ஒரு பொருளைப் படிகமாக்கி, நிறையச் சேர்த்துக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள். ஸ்வெத்திடம் இருந்ததோ குழாயில் தெரிந்த மெல்லிய பட்டைகள். அந்தத் தூளே நிறமியை மாற்றிவிடுகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. போலந்து வேதியியலாளர் மார்க்லெவ்ஸ்கி கடுமையாகத் தாக்கினார். தாவர நிறமி ஆய்வுக்காக 1915-ல் நோபல் பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரும் இந்த முறையை ஏற்கவில்லை.

ஸ்வெத் அசரவில்லை. நூற்றுக்கும் அதிகமான தூள்களைச் சோதித்துப் பார்த்தார். 1910-ல் தாவர, விலங்கு நிறமிகள் பற்றி ரஷ்ய மொழியில் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் வெளியே அதைப் படிக்க முடிந்தவர்கள் குறைவு.

அதற்குள் முதல் உலகப் போர். 1915-ல் ஜெர்மன் படை வார்சாவை நெருங்க, அவர் வேலை பார்த்த பாலிடெக்னிக் மாஸ்கோவுக்கும், பிறகு நீஷ்னி நோவ்கோரதுக்கும் இடம்பெயர்ந்தது. 1917-ல் இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்த நகரமும் ஜெர்மனி வசம் போனது. மறுபடியும் மூட்டை கட்டி வொரோனேஷ் போக வேண்டியதாயிற்று. உடல்நலம் குன்றியிருந்த ஸ்வெத், 1919 ஜூன் 26 அன்று அங்கே காலமானார். வயது 47தான். 1918-ல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது, பரிசு கிடைக்கவில்லை.

வெண்ணெயும் முட்டையும் சொன்ன சாட்சி

இந்த முறை மறைந்துபோகாமல் காத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மிசௌரியில் மாட்டுப்பாலை ஆராய்ந்த லிராய் பாமர். வெண்ணெய் ஏன் சில நேரம் மஞ்சளாகவும் சில நேரம் வெளுத்தும் இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. 1910-களில் ஸ்வெத்தின் வழியில் நிறமிகளைப் பிரித்துப் பார்த்தார். அந்த மஞ்சள் முக்கியமாகக் கரோட்டின் என்று தெரிந்தது. அதைப் பசுவின் உடல் தானாக உண்டாக்குவதில்லை, தின்ற பசுந்தீவனத்திலிருந்து வருகிறது.

1931-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்ட் கூன், எட்கர் லெடரர் குழு முட்டை மஞ்சள் கருவின் நிறத்தை லூட்டீன், ஸியாசாந்தின் என இரண்டாகப் பிரித்துக் காட்டியது. கேரட்டின் கரோட்டினும் ஒன்றல்ல என்று நிரூபித்தது. அவர்களுக்குக் கைகொடுத்தது ஸ்வெத்தின் நூலுடைய ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அது வந்தது யாரிடமிருந்து தெரியுமா? அவரை ஏற்காத அதே வில்ஸ்டேட்டரிடமிருந்து!

அதன்பின் வேகம் பிடித்தது. இம்முறையின் புது வடிவத்துக்காக ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சின்ஜ் இருவரும் 1952-ல் நோபல் வென்றார்கள்.

இன்று என்ன பயன்?

கால்நடைகளை வேகமாகக் கொழுக்க வைக்க ஹார்மோன் கொடுப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. தடை போட்டால் மட்டும் போதாது, மீறினால் கண்டுபிடிக்கவும் முடியணும். இறைச்சி அல்லது சிறுநீர் மாதிரியைக் குழாயில் செலுத்திப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்து அடையாளம் காண்கிறார்கள். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போல லேசாகச் செயல்படும் ஐசோஃபிளேவோன்களை அளப்பதும் இதே வழியில்தான்.

ஸ்வெத் கண்ணால் பார்த்த பட்டைகளுக்கு நிறம் இருந்தது. ஹார்மோன்களுக்கு நிறம் கிடையாது, கருவிதான் அவற்றைப் பார்க்கிறது. ஆனாலும் அந்த முறையின் பெயர் இன்னும் நிறத்தால் எழுதுவதுதான். அடுத்த முறை உணவில் ஹார்மோன் என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், எவ்வளவு, யார் அளந்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதென்றால், அதில் வார்சாவில் சுண்ணக்கட்டித் தூளை அடைத்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கும் பங்கு உண்டு.