ஹெலன் கெல்லரும் நுழைவுத் தேர்வும்

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வட்டாரத்தில் துணியின் தரம் அறிய வல்லார் பலர் உளர். அத்தொழிலில் நெடுநாள் பழகியவர் துணியைக் கண்ணால் காண்பதோடு அமையார்; இரு விரல்களுக்கிடையே பற்றித் தடவிப் பார்த்து, அதன் கனத்தையும் மென்மையையும் உணர்வர். கண் காட்டாத நுட்பத்தையும் விரல் காட்டும் என்பதற்கு அஃதொரு சான்று. விரலால் துணியை அறியலாம். ஆயின், விரலின் துணைகொண்டே நூல்களைக் கற்கவும், கடுமையான தேர்வுகளில் வெல்லவும், பட்டம் பெறவும் இயலுமோ? இயலும் என்று வாழ்ந்து காட்டியவர் ஹெலன் கெல்லர் அம்மையார்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஹெலன் பிறந்தார். தந்தையார் ஆர்தர் கெல்லர், அன்னையார் கேட். குழந்தை நல்ல பார்வையும் கேள்வியும் உடையதாகவே பிறந்தது. பத்தொன்பதாம் திங்களில் கொடிய காய்ச்சல் ஒன்று அதனைப் பற்றியது. காய்ச்சல் தணிந்தபோது பெற்றோர் மகிழ்ந்தனர். ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. குழந்தையின் கண்ணொளியும் செவிப்புலனும் ஒருங்கே மறைந்துவிட்டமையைச் சில நாளில் அவர்கள் உணர்ந்தனர். கேளாத குழந்தை பேசவும் கற்கவில்லை.

ஹெலன் தம் எண்ணங்களைத் தாமே அமைத்துக்கொண்ட சில சைகைகளால் தெரிவித்து வந்தார். பிறர் அவற்றை உணராதபோது சினமும் அழுகையும் பொங்கின. மகளின் நிலை கண்டு வருந்திய பெற்றோர், தொலைபேசியைக் கண்டுபிடித்தவரும் செவித்திறன் அற்றோர் கல்வியில் பேரார்வம் கொண்டவருமான அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நாடினர். பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் என்னும் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுதுமாறு அவர் வழிகாட்டினார். அப்பள்ளியில் பயின்று தேறிய ஆன் சல்லிவன் என்னும் நங்கை, 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் டஸ்கம்பியா வந்தடைந்தார். அவருக்கு அப்போது வயது இருபது. ஹெலனுக்கு ஏழு நிரம்பவில்லை. ஆன் சல்லிவனும் கண்நோயால் பார்வை குன்றி, அறுவை மருத்துவத்தால் ஓரளவு மீண்டும் பெற்றவர். துன்பத்தை அறிந்த நெஞ்சமே துன்புறுவோர்க்குத் துணையாயிற்று.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விரலமைப்பு உண்டு. அவ்வெழுத்துகளை ஆசிரியர் ஹெலனின் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். தொடக்கத்தில் ஹெலனுக்கு அது வெறும் விளையாட்டாகவே இருந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் நீரிறைக்கும் குழாயடியில், ஒரு கையில் குளிர்ந்த நீர் வீழ, மறுகையில் ஆசிரியர் நீரைக் குறிக்கும் சொல்லை மீண்டும் மீண்டும் எழுதினார். பொருள்கள் யாவற்றுக்கும் பெயர் உண்டு என்னும் உண்மை அந்நொடியில் ஹெலனுக்கு விளங்கிற்று. சில மணி நேரத்தில் முப்பது சொற்களை அவர் கற்றார்.

பின்னர்ப் படிக்கும் முறை வந்தது. பிரான்சு நாட்டவரான லூயி பிரெயில் (1809-1852) அமைத்த புள்ளியெழுத்தை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். தாளில் மேடாக எழும்பி நிற்கும் ஆறு புள்ளிகளைப் பலவாறு இணைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். அவற்றை விரல்நுனியால் தடவிப் படிப்பர். இவ்வெழுத்தையும் தட்டச்சுப் பொறியையும் ஹெலன் கற்றுத் தேர்ந்தார். 1890இல் சாரா ஃபுல்லர் என்னும் ஆசிரியரிடம் பேசவும் பயிலத் தொடங்கினார். பல்கலைக்கழகக் கல்வி பெறவேண்டும் என்னும் வேட்கை அவருள்ளத்தில் நாளுக்கு நாள் வளர்ந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ராட்கிளிஃப் என்னும் மகளிர் கல்லூரி இருந்தது. அதில் சேர விரும்புவோர் யாவரும் ஒரே வகையான நுழைவுத் தேர்வில் தேறுதல் வேண்டும். பார்வையும் கேள்வியும் உடைய மாணவியரோடு ஒத்த நிலையில் நின்று, அதே வினாத்தாளுக்கு விடை எழுதவே ஹெலன் விரும்பினார். தமக்கென எளிய வினாக்களை அவர் வேண்டவில்லை. அத்தேர்வுக்கு ஆயத்தமாகும் பொருட்டு, 1896ஆம் ஆண்டு அக்டோபரில், மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த மகளிர் பள்ளியில் சேர்ந்தார். ஆன் சல்லிவன் வகுப்புத்தோறும் உடனிருந்து, ஆசிரியர் கூறியவற்றை அவர் கையில் எழுதினார். பாடத்தைக் கேட்பதும் கையால், குறிப்பெடுப்பதும் கையால் ஆதலின், வகுப்பில் குறிப்பெடுக்க ஹெலனுக்கு இயலவில்லை. நினைவில் நின்றவற்றை வீடு திரும்பிய பின்னரே எழுதினார்.

1897ஆம் ஆண்டு ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை முதற்கட்டத் தேர்வு நடந்தது. ஜெர்மன், பிரெஞ்சு, இலத்தீன், ஆங்கிலம், கிரேக்க உரோமானிய வரலாறு ஆகியவை அவர் எழுதிய பாடங்கள். தேர்வு எழுதுவோர் பெயரால் அன்றி எண்ணாலேயே அறியப்படுதல் அங்கு வழக்கம். ஹெலனின் எண் 233. ஆயினும் அவர் ஒருவரே தட்டச்சுப் பொறியில் எழுதியமையால், அவர் யார் என்பது மறையவில்லை. பொறியின் ஓசை பிறர்க்கு இடையூறாகாதவாறு அவருக்குத் தனியறை தரப்பட்டது. பிறர் உட்புகாவண்ணம் வாயிலில் காவலும் வைக்கப்பட்டது. பள்ளித் தலைவர் ஆர்தர் கில்மன் வினாக்களை ஒவ்வொன்றாக அவர் கையில் எழுதினார். ஹெலன் வினாவை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு விடையைத் தட்டச்சில் எழுதினார். எழுதிய பாடம் அனைத்திலும் தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதி பெற்றார்.

அடுத்த ஆண்டு இடர்கள் பெருகின. வேண்டிய நூல்கள் புள்ளியெழுத்தில் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. கரும்பலகையில் வரையப்பட்ட வடிவகணிதப் படங்களை அவரால் காண இயலாது. மெத்தை ஒன்றன்மேல் நேராகவும் வளைவாகவும் கம்பிகளைப் பொருத்தி, அவற்றைத் தடவியே முக்கோணத்தையும் வட்டத்தையும் அறிந்தார். ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார் என்று கில்மன் கருதினார். ஆன் சல்லிவன் அதற்கு உடன்படவில்லை. முடிவில் அன்னையார் மகளைப் பள்ளியினின்று விலக்கினார். அதன்பின் மெர்ட்டன் கீத் என்னும் ஆசிரியரிடம் ஹெலன் தனியே பயின்றார். இயற்கணிதத்தில் முன்பு இடர்ப்பட்டவர், அவர் பொறுமையுடன் கற்பித்தமையால் தெளிவு பெற்றார்.

இறுதித் தேர்வு 1899ஆம் ஆண்டு ஜூன் 29, 30ஆம் நாள்களில் நிகழ்ந்தது. இம்முறை ஆன் சல்லிவன் வினாத்தாளைப் படித்துக் காட்டக் கல்லூரியார் இசையவில்லை. தேர்வின் நேர்மை குறித்து எவரும் ஐயுறலாகாது என்பது அவர்தம் கருத்துப்போலும். பெர்க்கின்ஸ் பள்ளி ஆசிரியர் வைனிங் என்பார் வினாக்களைப் புள்ளியெழுத்தில் பெயர்த்தெழுத அமர்த்தப்பட்டார். ஏற்பாடு நன்றே, ஆயினும் அதனுள் ஓர் இடர் ஒளிந்திருந்தது.

அக்காலத்தில் ஆங்கில மொழிக்குரிய புள்ளியெழுத்து ஒரே முறையாக இல்லை. இங்கிலாந்து முறை, அமெரிக்க முறை, நியூயார்க்கு முறை என மூன்று வழங்கின. மொழிப்பாடங்களைப் படிக்க ஹெலன் இம்மூன்றனையும் அறிவார். இயற்கணிதத்திலோ இங்கிலாந்து முறைக் குறிகளையே பயின்றிருந்தார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னர், பழைய வினாத்தாள் ஒன்றன் படி அவருக்கு வந்தது. அது அமெரிக்க முறையில் அமைந்திருத்தல் கண்டு திடுக்கிட்டார். உடனே எழுதிக் கேட்டுக் குறிகளின் அட்டவணை ஒன்றைப் பெற்றுப் பயின்றார். ஆயினும் தேர்வுக்கு முன்னிரவு வரையிலும் அடைப்புக்குறிகளும் மூலக்குறியும் இணைந்து வருமிடங்களில் அவருக்குத் தெளிவு பிறக்கவில்லை. மறுநாள் தேர்வு தொடங்குமுன்னரே சென்று, வைனிங்கிடம் குறிகளை விளக்கச் செய்தார். தேர்வறையில் ஒவ்வொரு கணக்கையும் பன்முறை தடவிப் படித்த பின்னரே வினா யாதென விளங்கிற்று. தாம் தட்டச்சில் எழுதியதைத் தாமே திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் அவருக்கு வழியில்லை. இத்தனைக்கும் இடையே அவர் தேர்வில் வெற்றி பெற்றார்.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று ஆராய்ந்து நோக்குங்கள். இயற்கணிதத் தேர்வு அளக்க வேண்டுவது இயற்கணித அறிவையே. ஹெலன் அன்று தோற்றிருப்பின், அவருக்குக் கணக்குத் தெரியாது என்றே ஏட்டில் பதிவாகியிருக்கும். அவர் அறியாதது கணக்கன்று, இரண்டு நாள் முன்பு கையில் வந்த சில குறிகளே என்பதை அவ்வேடு காட்டியிராது. யாவர்க்கும் ஒரே வினாவை அளிப்பது நேர்மை. அவ்வினா யாவர் அறிவையும் தடையின்றிச் சென்றடையச் செய்வதும் நேர்மையே. முன்னது மட்டும் இருந்து பின்னது இல்லையாயின், தேர்வு அறிவை அளவாது, தடையையே அளக்கும்.

ஹெலன் 1900ஆம் ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். பயிலும்போதே தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்நூல் 1903இல் வெளிவந்தது. 1904ஆம் ஆண்டு சிறப்புடன் பட்டம் பெற்றார். பார்வையும் கேள்வியும் இல்லாதவருள் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பின்னர் வாழ்நாள் முழுவதையும் பார்வையற்றோர் நலத்துக்கே ஈந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நிழல்போல் உடனிருந்த ஆன் சல்லிவன் 1936இல் மறைந்தார். அப்பெருந்துயரையும் தாங்கிக்கொண்டு அம்மையார் உலகெங்கும் சென்று தொண்டாற்றினார். 1955ஆம் ஆண்டு, தம் எழுபத்து நான்காம் வயதில் இந்தியாவுக்கும் வந்தார். 1968ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அவரை இடர்ப்படுத்திய எழுத்துக் குழப்பமும் காலப்போக்கில் நீங்கிற்று. 1932இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பொதுவான புள்ளியெழுத்து முறைக்கு இசைந்தன. நம் நாட்டிலும் இத்தகைய நிலையே இருந்தது. அமிர்தசரசில் 1887இலும் பாளையங்கோட்டையில் 1890இலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. பாளையங்கோட்டைப் பள்ளியை நிறுவியவர் ஆஸ்க்வித் அம்மையார். எனினும் இந்திய மொழிகளுக்குப் பற்பல புள்ளியெழுத்து முறைகள் வழங்கி வந்தன. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்தது. தமிழும் அதனுள் அடங்கும். வினாத்தாள் எங்கு அச்சாயினும், படிக்கும் விரலுக்கு அது புதிதாகத் தோன்றாத நிலைக்கு இவ்வாறு வழி பிறந்தது.

இன்று தேர்வறையில் நேர்மை சட்டத்தின் துணையும் பெற்றுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வு முறையில் தக்க மாற்றங்கள் செய்தல் வேண்டும் என்கிறது. மிகுதி நேரமும், மாணவர் சொல்வதை எழுதுவதற்கு ஒருவரின் துணையும் அம்மாற்றங்களுள் அடங்கும். ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் மிகுதி நேரம் அளிக்க வேண்டும் என்று 2018இல் வெளிவந்த நடுவணரசின் நெறிமுறை கூறிற்று. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைச் சலுகை என்று கருதுவோர் உளர். அது தவறு. கண்ணால் ஒரு நொடியில் காணும் பக்கத்தை விரல் வரிவரியாகத் தடவியே படிக்க வேண்டும். சொல்லி எழுதுவிப்பவர் தம் எண்ணத்தைச் சொல்லாக்கி, எழுதுவோர் கை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் செலவாகும் நேரமே அங்கு ஈடு செய்யப்படுகிறது.

துணையாக அமர்ந்து எழுதுவோர்க்கும் ஓர் அறம் உண்டு. மாணவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதுதல் வேண்டும். தம் அறிவைக் கூட்டுவதும் தவறு. கவனமின்மையால் அவர் அறிவைக் குறைப்பதும் தவறு. கூட்டினால் தேர்வு பொய்யாகும்; குறைத்தால் ஒருவர் வாழ்வே பாழாகும்.

உங்கள் வகுப்பில் பார்வை குன்றிய மாணவர் ஒருவர் இருப்பின், அவர்பால் இரக்கம் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். கரும்பலகையில் எழுதப்பட்டதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். படத்தில் உள்ளதைச் சொல்லால் விளக்குங்கள். அவர் பயிலும் புள்ளியெழுத்து நூல் காலத்தே வந்ததா என்று கேட்டறியுங்கள். தேர்வு நாளில் அளிக்கும் உதவி மட்டும் போதாது. ஆண்டு முழுவதும் பாடம் அவரைச் சென்றடைதல் வேண்டும். ஹெலன் கெல்லர் அம்மையார் உலகை வேண்டியது இதுவே: தம் அறிவை எடைபோடுவோர், தராசின் தட்டுகளை முதலில் நேராக்கிக்கொள்ள வேண்டும் என்பது.