பள்ளிக்கூடம் காணாத நாவலாசிரியை: வை. மு. கோதைநாயகி அம்மாள்

பாடசாலையின் பெருமை பேசும் மலரில் பாடசாலை வாசலே மிதிக்காத ஒருவரைப் பற்றி எழுதுவது சில சகோதரிகளுக்கு விநோதமாகப் படலாம். நோட்டன் பிரிட்ஜ் தோட்டங்களிலிருந்து புத்தகப் பையுடன் இறங்கி வந்த நாம் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ஆம் திகதி காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1907இல், ஆறு வயது நிறையும் முன்பே, பார்த்தசாரதி என்னும் சிறுவனுக்கு மணமுடித்து வைத்தார்கள். பள்ளிப் படிப்பு என்ற பேச்சே எழவில்லை. ஆனால் திருவல்லிக்கேணியிலிருந்த புகுந்த வீட்டில் அவரைச் சுற்றி எப்போதும் பிள்ளைகள் கூட்டம். அவர் சொல்லும் கதைகளைக் கேட்கத்தான் அந்தக் கூட்டம். கணவரும் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்று ஊக்கப்படுத்தினார்.

நாடகம் பார்த்தவருக்குத் தாமும் ஒன்று எழுத ஆசை வந்தது. கதை நெஞ்சில் இருந்தது. கையில் எழுத்துப் பழக்கம் இல்லை. தோழி பட்டம்மாள் பக்கத்தில் அமர்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதினார். 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகம் 1924இல் அச்சேறியது.

அந்நாளில் தமிழில் அதிகம் விற்றவை துப்பறியும் நாவல்களே. ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அத்துறையில் கொடிகட்டிப் பறந்தனர். வடுவூராரே கோதைநாயகிக்குக் கைகொடுத்தார். நின்றுபோகவிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925இல் கோதைநாயகி ஏற்று நடத்தத் தொடங்கினார். அதில் 'வைதேகி' தொடராக வந்தது. மர்மத்தால் வாசகரை இழுத்து, விதவைகளின் துயரம், வரதட்சணை, பெண்கல்வி ஆகியவற்றை அவர்கள் நெஞ்சில் இறக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் இதழாசிரியராக இருந்து, 115 நாவல்கள் எழுதினார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டியும் துப்பறியும் நாவல்களால் புகழ் பெற்றார். முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. சிறுமியாக அவரும் வீட்டிலேயே வளர்ந்து படித்தவர்தான். ஆனால் அவருக்கு வீடு நிறையப் புத்தகங்கள் இருந்தன. நம் கோதைநாயகிக்கு இருந்ததோ ஒரு தோழி.

வீட்டுப் பெண் பத்திரிகை நடத்துவதா என்று ஊரார் இகழ்ந்தனர். அவர் அசையவில்லை. காந்தியடிகளைக் கண்டபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் உடுத்தார். மறியலில் இறங்கி 1932இல் சிறை சென்றார். அங்கும் கதை எழுதினார். இசை பயின்று மேடைகளில் பாடினார். 'ராஜமோகன்' (1937), 'அனாதைப் பெண்' (1938) என அவர் நாவல்கள் திரைப்படங்களாயின. நம்மில் மூத்தவர்கள் அறிந்த 'சித்தி' (1966) படமும் அவருடைய 'தயாநிதி' நாவலே. அதைக் காண அவர் இல்லை. 1956இல் ஒரே மகனை இழந்த துயரில் உடைந்து, காசநோய்க்கு ஆளாகி, 1960 பெப்ரவரி 20ஆம் திகதி தாம்பரம் மருத்துவமனையில் காலமானார்.

அவருடைய 115 நாவல்களையும் விட என் மனதில் நிற்பவர் பட்டம்மாள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி, தெரியாத ஒருத்திக்காகச் சில நாட்கள் பேனா பிடித்தாள். அதில்தான் எல்லாம் தொடங்கியது.

நம் அம்மாயிகளும் அப்பாயிகளும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, லயத்து இஸ்தோப்பில் இருந்து சொன்ன கதைகள் கொஞ்சமா? சம்பள நாளில் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் கதைகளை எழுதிவைக்க அன்று பக்கத்தில் ஒரு பட்டம்மாள் இருக்கவில்லை. பாதிக் கதைகள் அவர்களோடே போய்விட்டன.

இன்று கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, நமக்கு இந்தப் பாடசாலை எழுத்தைத் தந்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு மலைக்கு வரும்போது ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டு வாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இன்னும் இருந்தால், அவர் பக்கத்தில் அமருங்கள்.