தேசிங்கு ராசன்

தேசிங்கு ராசன் (இறப்பு: 1714) இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையை ஆண்ட புந்தேலா இராசபுத்திரர் ஆவார். இவரது இயற்பெயர் தேஜ் சிங்.

குதிரைக் கதை

தேசிங்கு ராசன் கதைப்பாடலின்படி, தில்லி அரசரிடம் எவருக்கும் அடங்காத முரட்டுக் குதிரை ஒன்று இருந்தது. அதனை அடக்க இயலாத தேரணி ராசன் சிறைப்பட்டார். அவருடைய மகனான இளம் தேசிங்கு அக்குதிரை மீதேறி, அதனை அடக்கித் தந்தையை மீட்டார். இது நாட்டார் வழக்கே; வரலாறு தந்தையின் பெயரைச் சுவரூப் சிங் என்கிறது.

போரும் இறப்பும்

தந்தைக்குப் பின் ஆட்சிக்கு வந்த தேசிங்கு, ஆற்காடு நவாபு சாதத்துல்லா கான் கோரிய திறை நிலுவையைச் செலுத்த மறுத்தார். 1714 அக்டோபரில் சிறுபடையுடன் நவாபின் பெரும்படையை எதிர்த்து மாண்டார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அவ்வரசியின் நினைவாக நவாபு நிறுவிய ஊரே இராணிப்பேட்டை எனப்படுகிறது.