திவான் சேஷாத்திரி ஐயர்

கோடை விடுமுறைக்கு வரதய்யபாளையம் போயிருந்தேன். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த ஊர் அது. தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ். இரவு மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு வந்த அப்பா, என் மாத உதவித்தொகை வந்ததா என்று கேட்டார். ஐந்து மாதமாக வரவில்லை என்றேன். யார் கொடுக்கிற பணம் என்றார். டில்லி என்றேன். டில்லி கொடுக்காவிட்டால், நீ படிக்கிற ஊர்க்காரர்கள் கொடுக்கக் கூடாதா என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது, நண்பர்களே! டில்லி அன்று தலைநகரம் அல்ல. கல்கத்தாவில் வைசிராய் இருந்தார். அவர் தயங்கி நின்றபோது, ஒரு சமஸ்தானம் முன்வந்து ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. கொடுக்கச் செய்தவர், வேலை தேடி அயல்நாடு வந்த ஒரு தமிழர். பெங்களூரில் படிக்கும் நாம் சேஷாத்திரிபுரம் என்று சொல்லிப் பஸ் ஏறும்போதெல்லாம் அவர் பெயரையே சொல்லுகிறோம்.

சேஷாத்திரி ஐயர் 1845-ஆம் ஆண்டு, பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1868-இல் மைசூர் அரசாங்கப் பணியில் சேர்ந்தார். திவான் ரங்காசார்லு 1883-இல் காலமானதும் அப்பதவி இவருக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள் அதில் இருந்தார். மைசூரில் அவ்வளவு காலம் திவானாக இருந்தவர் வேறொருவர் இல்லை.

அவர் ஏற்றது செல்வச் செழிப்பான நாடு அன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மைசூர் மக்களில் பல லட்சம் பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. பஞ்சக் கடன் தலைமேல் இருந்தது. அதோடு ஆண்டுதோறும் 24½ லட்சம் ரூபாய் பிரிட்டிஷாருக்குக் கப்பம் கட்ட வேண்டும். மேலே இருப்பவனுக்குக் கட்டிவிட்டு, மிஞ்சியதில் குடும்பம் நடத்தும் நிலைமை. இன்றைய மாநில நிதியமைச்சர்களுக்கு இது புரியும்!

கைகொடுத்தது கோலார். அங்கே தங்கம் எடுத்த ஆங்கிலக் கம்பெனிகள் சமஸ்தானத்துக்கு உரிமைத்தொகை செலுத்தின. தங்கத்தைப் பூமிக்கடியிலிருந்து எடுத்தவர்களோ பெரும்பாலும் தமிழர். அவர்களிலும் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து போன ஏழைகள். சித்தூர் அப்போது வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. என் பாட்டியின் தகப்பனாரும் அவர்களுள் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். திவானின் வரலாற்றை எழுதுவோர் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கஜானாவில் காசு இருந்ததால்தான் திவானால் பெரிய காரியங்களை நினைக்க முடிந்தது; அந்தக் காசில் இவர்களுடைய வியர்வையும் உண்டு. சிவசமுத்திரத்தில் காவிரியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, 1902-இல் முதன்முதல் கோலாருக்கே அனுப்பினார்கள். அதைப் பார்க்கத் திவான் உயிரோடு இல்லை.

நமக்குக் கசப்பான செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1892-ஆம் ஆண்டுக் காவிரி உடன்படிக்கையின்போது அவர் மைசூரின் திவான். சென்னைக்கு எதிரே, மைசூரின் பக்கத்தில் நின்றார். உண்ட வீட்டுக்கு உழைத்தார் என்றே நான் சொல்வேன். இருந்தும் மைசூர்க்காரர்கள் அவரைத் தம்மவராக எண்ணிவிடவில்லை. உயர்ந்த உத்தியோகங்களைச் சென்னைக்காரர்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை அங்கே வளர்ந்தது. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். பம்பாயின் ஜாம்ஷெட்ஜி டாட்டா, விஞ்ஞான ஆராய்ச்சிக்கென ஒரு கழகம் நிறுவ 1898-இல் தம் சொத்தில் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ளதை ஒதுக்கினார். அது மட்டும் போதாது. அரசாங்கமும் பங்கு தர வேண்டும். அவ்வாண்டு இறுதியில் புதிய வைசிராய் கர்சன் பிரபு பம்பாயில் வந்து இறங்கிய மறுநாளே கழகக் குழுவினர் அவரைக் கண்டனர். அவருக்கு ஐயம். மாணவர் வருவார்களா? படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே? இப்படிக் கேள்விகள் எழுந்தன. ஒரு குழு வந்து பார்த்தது. பிறகு இன்னொரு குழு. ஆண்டுகள் ஓடின.

மைசூர் அப்படித் தயங்கவில்லை. அப்போது ராஜப் பிரதிநிதியாக ஆண்டவர் மகாராணி வாணி விலாச சன்னிதானம். திவான் எடுத்துரைத்தார், மகாராணி இசைந்தார். பெங்களூரில் 371 ஏக்கர் நிலம், கட்டடங்களுக்கு 5 லட்சம் ரூபாய், ஆண்டுதோறும் 50,000 ரூபாய் என்று சமஸ்தானம் வாக்களித்தது. 1900-இல் இடம் தேடி வந்த விஞ்ஞானி வில்லியம் ராம்சே பெங்களூரையே சிபாரிசு செய்தார்.

திவான் 1901 செப்டம்பரில் காலமானார். டாட்டா 1904-இல் ஜெர்மனியில் மறைந்தார். கேட்டவரும் இல்லை, தருவதாகச் சொன்னவரும் இல்லை. வாக்கு மட்டும் நின்றது. பின்வந்த திவான்கள் அதை மாற்றவில்லை. 1907-இல் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் நிலத்தை வழங்கினார். இந்திய அரசாங்கத்தின் ஆணை 1909 மே மாதம் பிறந்தது. 1911-இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். அதுதான் இந்திய விஞ்ஞானக் கழகம்.

அமெரிக்காவிலும் 2025-இல் மத்திய அரசாங்கம் ஆராய்ச்சி மானியங்களை வெட்டியபோது, மாநிலத்தின் பேரில் 2,300 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டு ஆய்வுகளைக் காக்கலாம் என்று கலிபோர்னியாவின் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. கூட்டாட்சியில் இதற்கு இடம் உண்டு. ஆனால் மாநிலத்தின் பணம் என்றால், மாநிலத்தவன் யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அதை நான் சொந்த அனுபவத்தில் அறிந்தேன்.

விடுமுறை முடிந்து திரும்பியதும், மாநில உதவி ஒன்றுக்கு விண்ணப்பம் வாங்கினேன். கப்பன் பூங்காவில் திவானின் சிலைக்கு எதிரே அமர்ந்துதான் அதை நிரப்பினேன். அவர் நினைவாக எழுப்பிய அந்தச் சிவப்புக் கட்டடம் இப்போது நூலகம். கல்வித் தகுதி, மதிப்பெண், ஆய்வுத் தலைப்பு எல்லாம் எளிதாக எழுதிவிட்டேன். சொந்த மாநிலம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஆந்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அப்பா வாரம் ஒருமுறை போனில் கேட்கிறார்.